தவறு தெரியும் இடம் வேறு, பிறந்த இடம் வேறு: பல்கலைக்கழகக் கணிதத்தில் டியூட்டரும் ஆலோசகரும்

"இந்த நாலாவது கணக்கு மட்டும் வரல மேடம்" என்றுதான் பெரும்பாலும் பேச்சு ஆரம்பிக்கும். நோட்டை வாங்கிப் பார்த்தால் நாலாவது கணக்கில் பெரிய தவறு ஒன்றும் இருக்காது. முதல் கணக்கிலேயே ஒரு வரையறையைத் தப்பாகப் பிடித்திருப்பார். மூன்று கணக்குவரை அந்தத் தப்பு வெளியே தெரியாமல் கூடவே வந்து, நாலாவதில் போய் முட்டியிருக்கும். மாணவர் விரல் வைத்துக் காட்டுவது வலி தெரியும் இடத்தை. நோய்முதல் நாலைந்து பக்கம் முன்னால் கிடக்கும், சில நேரம் போன வருடத்துப் பாடத்தில் கிடக்கும்.

பாட ஆலோசகரின் மேசையிலும் இதே கதைதான். "இந்தப் பேப்பரை விட்டுடலாமா?" என்று கேட்டு வருகிற மாணவருக்கு விதிமுறைப்படி பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும். கடைசித் தேதி எது, எத்தனை கிரெடிட் குறையும் என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அவர் ஏன் விட நினைக்கிறார் என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரியாது. கணித மாணவர்களுக்குத் தரப்படும் தனிப் பயிற்சியும் பாட ஆலோசனையும் இரண்டு தனி அலுவலகங்களாக, இரண்டு தனி ஆட்களிடம் இருந்தாலும், செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான் என்பது என் உறுதியான எண்ணம். கேட்கப்பட்ட கேள்விக்குக் கீழே இருக்கும் கேள்வியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இது கணிதத்தில் ஏன் இவ்வளவு முக்கியம்? பள்ளிக் கணிதத்தில் மாணவர் ஒரு வழிமுறையைக் கற்றுக்கொண்டு, எண்களை மாற்றிப் போட்டு, விடையைப் பின்பக்கத்தில் சரிபார்க்கிறார். பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டத்தில், பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள், ஆட்டமே மாறிவிடுகிறது. "கண்டுபிடி" என்று இருந்த இடத்தில் "நிறுவு" என்று வருகிறது. விடை கேள்வியிலேயே இருக்கிறது, ஏன் அது உண்மை என்பதைத்தான் எழுத வேண்டும். வரையறை என்பது மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடக்கூடிய முன்னுரையாக இருந்தது, இப்போது அதுதான் கையில் இருக்கும் ஒரே கருவி. நேற்றுவரை வகுப்பில் முதலாவதாக இருந்தவர்கூட இந்த இடத்தில் தடுமாறுவார். அவரிடம் இதை யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். அதனால் தனக்குத்தான் மூளை போதவில்லை என்று முடிவுகட்டிவிடுவார்.

ரிச்சர்டு ஸ்கெம்ப் என்ற பிரிட்டிஷ் கணிதக் கல்வியாளர் 1976-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இரண்டு விதமான புரிதலைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, விதி தெரியும், பயன்படுத்தத் தெரியும், காரணம் தெரியாது. மற்றது, என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் இரண்டும் தெரியும். வில்லங்கம் எங்கே என்றால், முதல் வகைக்காரர் தனக்குப் புரிந்துவிட்டதாகவே நம்புகிறார். பொய் சொல்லவில்லை. அவர் அறிந்த "புரிதல்" அதுதான். டியூட்டர் "புரிஞ்சுதா?" என்று கேட்டு, அவர் "புரிஞ்சுது" என்று சொன்னால் இருவரும் வேறு வேறு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் நான் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

1981-இல் கணிதக் கல்வி ஆய்வாளர்களான டேவிட் டாலும் ஷ்லோமோ வின்னரும் இன்னொரு நுட்பமான பிரிவினையைக் கொண்டுவந்தார்கள். ஒரு சொல்லின் முறையான வரையறை ஒன்று, அந்தச் சொல்லைக் கேட்டதும் மனதில் எழும் படங்களும் பழக்கங்களும் சேர்ந்த பிம்பம் இன்னொன்று. மாணவர் தேர்வில் வரையறையைப் பிசகாமல் எழுதுவார், யோசிக்கும்போது பிம்பத்தைத்தான் நம்புவார். "பேனாவை எடுக்காமல் வரைய முடிந்தால் அது தொடர்ச்சியான சார்பு" என்பது அப்படி ஒரு பிம்பம். பள்ளியில் நன்றாகவே உழைத்தது. இப்போது ஓர் எண்ணை அதன் தலைகீழுக்குக் கொண்டுபோகும் சார்பை எடுங்கள், பூச்சியம் நீங்கலாக. பூச்சியத்தின் இரு பக்கமும் வரைபடம் இரண்டு துண்டாக நிற்கிறது, பேனாவை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் வரையறைப்படி, தன் வரையறுப்புக் களத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் அது தொடர்ச்சியானதுதான். பூச்சியம் களத்திலேயே இல்லை. மாணவர் "இல்லை, அது உடையுது" என்று பிடிவாதமாகச் சொல்லும்போது அவர் வரையறையை மறந்துவிடவில்லை. பிம்பம் அதைவிட உரக்கப் பேசுகிறது.

பூட்டும் சாவியும்

ஒரு அமர்வைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். நுண்கணிதத்தின் அடிப்படைகளை நிறுவிக் காட்டும் பாடமான மெய்ப் பகுப்பாய்வில் திரும்பத் திரும்ப வரும் இடம் இது. ஓர் எண்ணை அதன் வர்க்கத்துக்குக் கொண்டுபோகும் சார்பு எல்லாப் புள்ளியிலும் தொடர்ச்சியானது என்று நிறுவ வேண்டும். மாணவர் அழகாகவே எழுதியிருக்கிறார். சார்பின் மதிப்பு எவ்வளவு விலகலாம் என்று முதலில் தரப்படும் எல்லை எப்சிலான், அதற்குள் நிற்கப் புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகலாம் என்பது டெல்டா. அ என்ற புள்ளியை எடுத்து, எப்சிலானை அ-வின் இருமடங்கோடு ஒன்றைக் கூட்டியதால் வகுத்து, அதற்கும் 1-க்கும் எது சிறியதோ அதுதான் டெல்டா என்கிறார். எதிர்ம எண்களுக்காக மட்டு மதிப்புப் போடவும் மறக்கவில்லை. முழு மதிப்பெண் போடலாம். அடுத்த கேள்வி, இதே சார்பு எண்கோடு முழுவதும் சீராகத் தொடர்ச்சியானதா, அதாவது ஓர் எப்சிலானுக்கு எல்லாப் புள்ளியிலும் பொதுவான ஒரு டெல்டா கிடைக்குமா? மாணவர் மேலே எழுதியதையே அப்படியே மீண்டும் எழுதி "ஆம்" என்று முடித்திருக்கிறார். சரியான பதில் "இல்லை".

இங்கே டியூட்டர் செய்யக்கூடிய மிக எளிய காரியம், "தப்பு, இதோ பார்" என்று பேனாவை வாங்கி எழுதிக் காட்டுவது. ஐந்து நிமிடத்தில் முடியும். மாணவரும் நன்றி சொல்லிவிட்டுப் போவார். அடுத்த வாரம் சீரான ஒருங்கல் வரும்போது அதே தவறோடு திரும்பி வருவார்.

ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பது நல்லது: "டெல்டாவை எப்பத் தேர்ந்தெடுத்தே? அ எதுன்னு தெரிஞ்ச பிறகா, அதுக்கு முன்னாடியா?"

மாணவர் தன் எழுத்தையே புதிதாகப் பார்க்கிறார். "டெல்டாவுக்குள்ளேயே அ இருக்கு... அப்ப, தெரிஞ்ச பிறகுதான்."

"சரி. எப்சிலான் 1-ன்னு வெச்சுக்கோ. அ 10-ஆ இருந்தா டெல்டா எவ்வளவு? 1000-ஆ இருந்தா?"

1/21. அப்புறம் 1/2001. சுருங்கிக்கொண்டே போகிறது. "அப்ப எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு கிடைக்காது. சீரான தொடர்ச்சி இல்ல."

பல டியூட்டர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள், விடை வந்துவிட்டதே என்று. ஆனால் இன்னும் ஓர் ஓட்டை இருக்கிறது, அதையும் கேட்க வேண்டும். "நீ கண்டுபிடிச்ச டெல்டா சுருங்குது. வேற யாராவது உன்னைவிடக் கெட்டிக்காரத்தனமா ஒரு டெல்டா கண்டுபிடிக்க முடியாதுன்னு எப்படிச் சொல்றே?" இது மாணவரைச் சற்று நேரம் உட்கார வைக்கும். பொறுமையாக இருந்தால் வழி பிறக்கும். யார் எந்த டெல்டாவைக் கொடுத்தாலும், 1-ஐ டெல்டாவால் வகுத்த இடத்துக்குப் போய், அங்கிருந்து டெல்டாவில் பாதி தள்ளி நில். இரண்டு வர்க்கங்களுக்கும் உள்ள வித்தியாசம் 1-ஐத் தாண்டிவிடும். முடிந்தது.

இந்த இடத்தில் தமிழ் நமக்குச் செய்யும் ஓர் உதவியைச் சொல்லியே ஆக வேண்டும். "எல்லாப் பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு" என்று சொன்னால் இரண்டு பொருள் வரும். "ஒவ்வொரு பூட்டுக்கும் ஒவ்வொரு சாவி உண்டு" என்றும் கொள்ளலாம், "எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி உண்டு" என்றும் கொள்ளலாம். பூட்டு என்பது புள்ளி, சாவி என்பது டெல்டா என்று வைத்துக்கொண்டால், முதலாவது தொடர்ச்சி, இரண்டாவது சீரான தொடர்ச்சி. 'ஒவ்வொரு', 'ஒரே' என்ற இரண்டு சொற்கள் அந்தக் குழப்பத்தை நறுக்கென்று வெட்டிவிடுகின்றன. பாடத்தை வேற்று மொழியில் படிக்கும் மாணவர் தன் மொழியில் ஒரு முறை இதைச் சொல்லிப் பார்த்தால், குறியீடுகளின் வரிசை ஏன் மாறக் கூடாது என்பது பிடிபடும். எந்த மொழியில் யோசிக்கிறாரோ அந்த மொழியில் வாய்விட்டுச் சொல்ல விடுவது நல்ல டியூட்டரிங் என்றே நினைக்கிறேன்.

அந்த மாணவர் தலையில் அடித்துக்கொள்ளும்போது சொல்ல வேண்டிய வரலாறும் ஒன்று உண்டு. 1821-இல் பிரெஞ்சுக் கணித மேதை கோஷி, தொடர்ச்சியான சார்புகளால் ஆன ஒருங்கும் தொடரின் (கூட்டிக்கொண்டே போனால் ஒரு மதிப்பை நெருங்கும் முடிவிலாத் தொடர்) கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதே என்று எழுதினார். 1826-இல் நார்வேக் கணித அறிஞர் ஏபெல், சைன் சார்புகளால் ஆன ஒரு தொடரை எடுத்துக்காட்டி, இதற்கு விதிவிலக்குகள் இருப்பதாகத் தெரிகிறது என்றார். அந்தத் தொடரின் கூட்டுத்தொகை சில புள்ளிகளில் திடீரென்று தாவுகிறது. இடையில் விடுபட்டிருந்தது இதே 'ஒவ்வொரு', 'ஒரே' வித்தியாசம்தான். 1840-களின் கடைசியில் ஸ்டோக்ஸும் சைடலும் அதைத் தொட்டார்கள், வயர்ஸ்ட்ராஸின் பள்ளிதான் அதை எல்லோரும் பயன்படுத்தும் கருவியாக ஆக்கியது. கோஷிக்கே பிடிபடாமல் நழுவிய இடத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர் வழுக்கி விழுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இதைச் சொன்னதும் சில முகங்கள் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு பேச வேண்டும்?

தனிப் பயிற்சி பற்றிப் பேசினால் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் எழுதியது தவறாமல் வரும். ஆளுக்கு ஒரு டியூட்டர் வைத்துப் படித்தவர்களில் சராசரி மாணவர்கூட, வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைவிட மேலே இருந்தார் என்றார். மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் அளவான திட்ட விலக்கத்தில் சொன்னால், இரண்டு திட்ட விலக்கம். அதே அளவு பலனை வகுப்பறையில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் அவர் விட்டுச்சென்ற சவால். பின்னால் வந்தவர்கள் அவ்வளவு பெரிய பலனைக் காணவில்லை. கர்ட் வான்லேன் 2011-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மனித டியூட்டரின் பலன் 0.79 திட்ட விலக்கம் என்று வந்தது. இரண்டு இல்லாவிட்டாலும் இதுவே கல்வியில் பெரிய எண். பலன் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எதனால் பலன் என்பதுதான் சுவாரசியமான கேள்வி.

மிஷெலின் சி என்ற ஆய்வாளரும் உடன் வேலை செய்தவர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், விளக்கம் சொல்லவே கூடாது, மாணவரைத் தூண்டும் கேள்விகளை மட்டும் கேட்கலாம் என்று டியூட்டர்களைக் கட்டுப்படுத்தினார்கள். பாடம் கணிதமில்லை, இரத்த ஓட்டம் பற்றியது. அப்படி வாயைக் கட்டிய டியூட்டர்களிடம் படித்தவர்களும், தாராளமாக விளக்கம் கேட்டவர்கள் அளவுக்கே கற்றார்கள். தெளிவாக விளக்கும் திறமையைத்தான் டியூட்டரின் பெரிய சொத்தாக நினைக்கிறோம். பலன் அதைவிட மாணவர் வாயிலிருந்து வருவதில் இருக்கிறது.

கணிதத்தில் இதை நடைமுறைப்படுத்துவது சிரமம். மௌனம் நீளும். பத்து விநாடி மௌனமே டியூட்டருக்கு ஒரு யுகம்போல இருக்கும், உடனே ஒரு குறிப்பு கொடுத்துவிடுவார். அந்தப் பத்து விநாடியில் மாணவர் தலைக்குள் என்ன நடந்துகொண்டிருந்ததோ, அது கலைந்துவிடும். குறிப்பே கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. எப்போது சிக்கல் வளமாக இருக்கிறது, எப்போது வெறும் சோர்வாக மாறிவிட்டது என்று முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இன்று முழு நிறுவலையும் நொடியில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எல்லோர் கையிலும் இருக்கின்றன. அவை தரும் நிறுவல் சரியாக இருந்தாலும் இந்த இடத்தில் உதவாது, ஏனென்றால் திணறும் நேரத்தை அவை இல்லாமலே ஆக்கிவிடுகின்றன. தப்பாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சரளமாக எழுதப்பட்ட தப்பு நிறுவலில் ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டியவர், அந்தத் திறமை இன்னும் வராத மாணவர்.

பயிற்சி கொடுத்து மதிப்பெண் வாங்க வைக்க முடியுமா என்றால், தாராளமாக முடியும். 19-ஆம் நூற்றாண்டுக் கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வின் தரவரிசைதான் ஒருவரின் தலையெழுத்து, அதற்காகவே தனியார் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். எட்வர்டு ரவுத்தின் மாணவர்கள் இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் முதலிடம் பிடித்தார்கள். அவருக்கு முன்னால் வில்லியம் ஹாப்கின்ஸ். ஸ்டோக்ஸ், கேலி, கெல்வின், மாக்ஸ்வெல் எல்லாம் அவரிடம் பயின்றவர்கள்தான். அந்தத் தேர்வில் தானும் நல்ல இடம் பெற்ற கணித அறிஞர் ஹார்டி, இந்த முறை கணிதத்தையே கெடுக்கிறது என்று கடுமையாக எதிர்த்தார். 1909-க்குப் பிறகு தரவரிசை வெளியிடுவது நின்றது. மாக்ஸ்வெல்லை உருவாக்கிய அதே முறையைக் குறை சொல்வதா என்று கேட்கலாம். எனக்குத் தோன்றுவது, ஹாப்கின்ஸ் போன்றவர் தேர்வைத் தாண்டியும் மாணவரைப் பார்த்திருக்க வேண்டும். மாதிரி வினாத்தாள்களை மட்டும் ஓட்டும் டியூட்டரிடம் அந்தப் பார்வை இருக்காது.

தனியாகப் படித்தவர்கள்

ஊரி டிரைஸ்மன் 1970-களில் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தார். நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று ஆசிரியர்களைக் கேட்டால் ஆர்வம் குறைவு, அடிப்படை சரியில்லை, வீட்டில் ஊக்கம் இல்லை, பணவசதி இல்லை என்று பதில் வந்தது. டிரைஸ்மன் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் பின்தொடர்ந்து, அவர்கள் எங்கே, எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். ஊகங்கள் எதுவும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் சொன்னபடி வாரத்துக்குச் சுமார் 8 மணி நேரம் ஒழுங்காகவே படித்தார்கள். ஆனால் 20 பேரில் 18 பேர் எப்போதும் தனியாகத்தான் படித்தார்கள். சீன மாணவர்கள் தனியாகப் படித்துவிட்டு மாலையில் கூடி, ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்து, எல்லோருக்கும் வராத கணக்கை அது கடினமான கணக்கு என்று அறிந்துகொண்டார்கள். தனியாக உட்கார்ந்தவருக்கு அந்தத் தகவல் கிடைக்காது. வராத ஒவ்வொரு கணக்கும் தன் குறைபாடாகவே தெரியும்.

டிரைஸ்மன் அதற்குப் பிறகு செய்ததைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு என்று அவர் பெயர் வைக்கவில்லை. சிறந்து விளங்க நினைப்பவர்களுக்கான பயிலரங்கம் என்று அழைத்து, வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக உட்கார வைத்தார். அதில் சேர்ந்தவர்களின் தேர்ச்சி பெரிய அளவில் உயர்ந்தது. பிறகு பல பல்கலைக்கழகங்கள் இந்த மாதிரியை எடுத்துக்கொண்டன. 1996-இல் பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகம் தொடங்கியதைப் போன்ற கணித உதவி மையங்கள், யார் வேண்டுமானாலும் எந்தக் கேள்வியோடும் உள்ளே வரலாம் என்று வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். உதவி கேட்பது தோற்றவரின் அடையாளமாக இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் மிகவும் தேவைப்படுகிறவர்கள்தான் முதலில் வராமல் போவார்கள்.

ஆலோசகர் பார்க்க வேண்டிய நோட்டு

பாட ஆலோசனைக்கு வருவோம். கணிதப் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுவர்போல. கீழே ஒரு கல் ஆடினால் மேலே மூன்றாவது வரிசையில்தான் விரிசல் தெரியும். சொற்பத்தில் தேர்ச்சி பெற்ற நேரியல் இயற்கணிதம் இரண்டு பருவம் கழித்து வகைக்கெழுச் சமன்பாடுகளில் கடன் கேட்கும். ஆலோசகரின் திரையில் "தேர்ச்சி" என்ற ஒரு சொல்தான் இருக்கும்.

முன்தேவைப் பட்டியலும் முழு உண்மையைச் சொல்வதில்லை. மெய்ப் பகுப்பாய்வுக்கு நுண்கணிதம் போதும் என்று போட்டிருப்பார்கள். உண்மையில் தேவைப்படுவது நிறுவல் எழுதிய பழக்கம். அது இல்லாமல் நுண்கணிதத்தில் முழு மதிப்பெண் வாங்கியவரும் திணறுவார். அதற்குமுன் அடிப்படை எண் கோட்பாடோ, எத்தனை விதமாக அடுக்கலாம், தேர்ந்தெடுக்கலாம் என்று எண்ணும் சேர்மானவியலோ ஒரு பருவம் எடுத்திருந்தால், தெரிந்த முழு எண்களை வைத்துக்கொண்டே நிறுவல் எழுதிப் பழகியிருக்கலாம். நான் ஆலோசகராக இருந்தால் முதலில் பரிந்துரைப்பது அதுதான். மெய்ப் பகுப்பாய்வையும் நுண்புல இயற்கணிதத்தையும் (abstract algebra) ஒரே பருவத்தில் முதல் முறையாக எடுக்க வருபவரிடம், இரண்டும் வாரம் முழுக்க நிறுவல் கேட்கும் பாடங்கள், ஒன்றோடு எண்முறைப் பகுப்பாய்வையோ புள்ளியியலையோ சேர்த்துக்கொள் என்று சொல்ல வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் நடக்கும் பாடத்தை விட்டால் ஒரு வருடமே தள்ளிப்போகலாம் என்பதையும் யாராவது சொல்லியாக வேண்டும். முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்க நினைப்பவருக்குப் பகுப்பாய்வும் இயற்கணிதமும் விண்ணப்பத்துக்கு முன்பே முடிந்திருப்பது நல்லது. தரவு சார்ந்த வேலைக்குப் போகிறவருக்கு நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் நிரல் எழுதத் தெரிவதும் அதே அளவுக்கு முக்கியம். எல்லோருக்கும் ஒரே வரைபடத்தை நீட்டுவது சோம்பேறித்தனம்.

ஆலோசகரிடம் மதிப்பெண் இருக்கிறது, டியூட்டரிடம் நோட்டு இருக்கிறது. இந்த இருவரும் பேசிக்கொள்வதே இல்லை, மாணவரின் அனுமதியோடு பேசிக்கொள்ள வழி இருந்தும்கூட. பேப்பரை விட்டுவிட வந்த அந்த மாணவரிடம் ஆலோசகர், "கடைசியா எழுதின வீட்டுப்பாடத்தைக் காட்டு, எந்த வரியில நின்னுபோச்சு?" என்று கேட்கலாம். ஆலோசகருக்கே கணிதம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எல்லாப் பக்கமும் வெறுமையாக இருந்தால் பிரச்சினை பாடத்தைத் தாண்டியது, வேலை நேரமோ உடல்நலமோ தூக்கமோ என்று விசாரிக்கலாம். பக்கம் நிறைய எழுதி ஒவ்வொரு முறையும் மூன்றாவது வரியில் நின்றிருந்தால், டியூட்டரிடம் அனுப்பலாம். முதல் வரியிலேயே நிறுவ வேண்டியதை உண்மை என்று எடுத்துக்கொண்டு, கடைசியில் "பூச்சியம் சமம் பூச்சியம்" என்று முடித்திருந்தால், அது இரண்டு மூன்று அமர்வில் சரியாகிவிடக்கூடிய பழக்கம். அதற்காக ஒரு பாடத்தையே விட வேண்டியதில்லை.

பூட்டு, சாவிக் கேள்வியில் உட்கார்ந்திருந்தவரைப் போன்ற ஒருவர், அதற்கு முந்தைய வாரம் மெய்ப் பகுப்பாய்வை விட்டுவிடப் படிவத்தோடு வந்திருக்கலாம். கூடவே நுண்புல இயற்கணிதமும் எடுத்திருப்பார். இரண்டில் எது அடுத்த பருவமும் நடக்கும், எது அடுத்த வருடம்தான் என்று ஆலோசகர் பார்க்கிறார். இயற்கணிதம் அடுத்த பருவமும் உண்டு. படிவத்தில் பாடத்தின் பெயர் மட்டும் மாறுகிறது. மெய்ப் பகுப்பாய்வு தங்குகிறது, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் உதவி மையத்தில், இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து உட்கார்வது என்று முடிவாகிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் நோட்டோடு வருகிறார், ஏழாவது கணக்கு வரவில்லை என்று. டியூட்டர் முதல் கணக்கின் பக்கத்தைத் திருப்பச் சொல்கிறார்.